பச்சத்தண்ணி நைனாவின் பேட்டரி கார்

சித்தூரில் பச்சத்தண்ணி நைனா தண்ணீர் குடிக்கிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். குடிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட வீடுகளை எண்ண வேண்டுமென்றால் முனிசிபாலிட்டி ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

“இனிமே உன் வூட்ல பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டேன்” என்று கோபத்தில் நாம் எல்லோரும் ஒரு முறையாவது சொல்லியிருப்போம். சொல்லிவிட்டு அடுத்த பண்டிகைக்கு அதே வீட்டுக்குப் போய்ப் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியும் குடித்திருப்போம். நைனா அந்த ரகம் இல்லை. சொன்னால் சொன்னதுதான். அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி ஊரே அவரை நைனா என்று கூப்பிட்டது; அவருக்கு உண்மையான பெயர் ஒன்று உண்டு. தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

பாலசமுத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டின் மாடியில்தான் நான் குடியிருந்தேன். காலமெல்லாம் அடுத்தவர்களின் நிலத்தை அளந்து, இரண்டு பக்கத்துக்காரர்களிடமும் திட்டு வாங்கிய மனிதர். அதனால்தானோ என்னவோ, கோபம் அவருக்குக் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது.

தெருமுனை டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியும் மாஸ்டர் ஒரு ஸ்பூன் போட்டுவிட்டார். சபதம். ரேணிகுண்டாவில் இருந்த மைத்துனர் கிரகப்பிரவேசப் பத்திரிகையை நேரில் வந்து கொடுக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சபதம். ஊரில் அண்ணன் வரப்பு ஓரத்து வேப்பமரத்தை வெட்டினார். அண்ணன், அண்ணி, அவர்களின் சம்பந்தி வீடு வரைக்கும் மொத்தமாக ஒரு சபதம்.

நானும் தப்பவில்லை. ஒரு நாள் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து, மாடிப்படியில் அருவி கொட்டிவிட்டது. நைனா கீழே நின்றுகொண்டு சொன்னார்:

“தண்ணியோட அருமை தெரியாதவன் வூட்ல இனிமே பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்பா.”

மறுநாள் காலை வழக்கம்போல மேலே வந்து உட்கார்ந்தார். பேப்பர் படித்தார். என்னோடு அரசியல் பேசிச் சிரித்தார். நான் பழக்கத்தில் தண்ணீர்ச் செம்பை நீட்டியதும் முகம் மாறிவிட்டது. பைக்குள்ளிருந்து தன் சொந்த எவர்சில்வர் பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். அவருடைய சபதத்தின் அழகே அதுதான். உறவு அப்படியே இருக்கும், தண்ணீர் மட்டும் இருக்காது.

“இந்த ஊர்ல இந்த மனுசன் வெளிய தண்ணி குடிக்கற எடம் கோயில் கொயாய் ஒண்ணுதான். வூட்ல நான் குடுக்கறதையும் எத்தினி நாளைக்குக் குடிப்பாரோ” என்பார் அவர் மனைவி. அந்த அம்மாளின் பொறுமைக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

இப்படிப்பட்டவர்தான் பேட்டரி கார் வாங்கினார்.

விலை குறைந்த சின்ன மின்சாரக் கார் ஒன்று புதிதாக வந்திருந்தது. எங்கள் தெருவில் முதலில் வாங்கியவர் நைனா. கதவின் உட்பக்கத்தைத் தட்டினால் டிபன் பாக்ஸைத் தட்டியதுபோல் சத்தம் வரும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் இறங்கும்போது உறவினர் ஆகியிருப்பார்கள். ஆனால் காலை லேசாக வைத்தாலே அம்பாகப் பாயும். அதைவிட முக்கியமாக, சத்தமே கிடையாது. “ஸ்டார்ட் ஆயிடுச்சா நைனா?” என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் தள்ளுவதற்குப் பின்னால் போய் நின்றவர்கள் உண்டு.

சத்தமில்லாத வண்டிக்குச் சித்தூர் மார்க்கெட் மாடுகள் எப்படி வழிவிடும்? ஹாரன் அடித்தால் மாட்டுக்கு மரியாதை இல்லை என்பது நைனாவின் கட்சி. அதனால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “வந்துக்கினு கீறேன், வந்துக்கினு கீறேன்” என்று கத்திக்கொண்டே ஓட்டுவார். மாடுகள் நகரவில்லை. மனிதர்கள் பயந்து நகர்ந்தார்கள்.

கார் வந்தபிறகு அவர் பேச்சும் மாறிப்போனது. எல்லாம் பர்சன்ட் கணக்கு. சாப்பிட்டாச்சா என்றால் “எண்பது” என்பார். தூக்கம் எப்படி என்றால் “நாப்பதுக்கு மேல ஏறல.” மனைவியின் கோபத்தைப் படிக்கட்டில் நின்றபடியே, விரலுக்குப் பத்து பர்சன்ட் என்று எனக்குக் கையால் சைகை காட்டுவார். ஐந்து விரலும் இரண்டு முறை விரிந்தால் அன்று கீழே போகாமல் இருப்பது எனக்கு நல்லது.

கம்பெனி கொடுத்த சார்ஜிங் கேபிள் அவருக்குப் பிடிக்கவில்லை. “இது இன்னா, மூக்கணாங்கயிறு மாதிரி” என்றார். நல்ல தடிமனில், கறுப்பு நிறத்தில், தெருவையே அளந்துவிடக்கூடிய நீளத்தில் தானே ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். சர்வே சங்கிலியைச் சுருட்டிய கை, கேபிளையும் முழங்கையில் மாட்டி அதேபோல் சுருட்டும். அதை வேறு யாரும் தொடக்கூடாது. தெரு நாய் மட்டும் தொடலாம். சார்ஜ் ஏறும்போது கேபிள் இளஞ்சூடாக இருக்கும் என்று கண்டுபிடித்து, மார்கழி முழுக்க அது அதன்மேலேயே படுத்துக்கொண்டது.

புது வண்டிக்குத் திருப்பதியில் மலையடிவாரத்தில் பூஜை போட வேண்டும் அல்லவா? அங்கே நானும் போயிருந்தேன். அர்ச்சகர் பானெட்டுக்குச் சந்தனம் வைத்தார், ஸ்டீயரிங்குக்கு வைத்தார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். நைனாவுக்குத் திருப்தி இல்லை. முன்பக்கத்து மூடியைத் திறந்து சார்ஜ் போடும் துளைகளைக் காட்டினார்.

“சாமீ, இந்த வண்டிக்கு வாய் இதான். முக்கியமான எடமே இதான். இங்க நல்லா வையுங்க.”

அர்ச்சகரும் பக்தர் மனம் நோகக்கூடாது என்று குழைத்த சந்தனத்தை ஒவ்வொரு துளையிலும் பொறுமையாக இட்டு, அதன்மேல் குங்குமமும் வைத்தார். வீட்டுக்கு வந்து கேபிளைச் செருகினால் வண்டி வாங்க மறுத்துவிட்டது. சர்வீஸ் சென்டர்க்காரர் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து அரை நாள் சுத்தம் செய்துவிட்டு, “பெத்தாயனா, இங்க எவனாவது சந்தனம் வெப்பானா?” என்று கேட்டுவிட்டார். சாமி காரியத்தைக் கிண்டல் செய்துவிட்டாராம். சர்வீஸ் சென்டரில் இனிப் பச்சத்தண்ணி கிடையாது.

பிறகு திருப்பதி பைபாஸில் இருந்த சார்ஜிங் ஸ்டேஷன். அங்கே ஒரு பெரிய கார்க்காரர் சார்ஜ் போடாமல், நிழலுக்காக வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நைனா எழுப்பினார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். காவலாளி, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார். அந்த ஸ்டேஷனுக்கும், அதேபோல ரோட்டோரம் இருக்கிற எல்லா ஸ்டேஷனுக்கும் சேர்த்து அங்கேயே ஒரு சபதம் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“நைனா, சபதம் தண்ணிக்குத்தானே? கரண்ட் எடுத்துக்கறதுல என்ன தப்பு?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஸ்ரீசைலம் அணையில எதுல இருந்து கரண்ட் எடுக்கறான்?”

“தண்ணியிலிருந்து. ஆனா நிலக்கரியிலயும் எடுக்கறாங்களே?”

“அந்த நிலக்கரியப் போட்டு இன்னாத்தப்பா காய்ச்சறான்? தண்ணியத்தானே? சுத்திச் சுத்தி எல்லாம் தண்ணிதான். தண்ணி குடிக்காத வூட்ல கரண்டும் குடிக்கக் கூடாது.”

நான் செல்போனை எடுத்து, நிலக்கரியிலிருந்து கரண்ட் எப்படி வருகிறது என்று தேடிப் பார்த்தேன். தண்ணீரைத்தான் காய்ச்சுகிறார்கள்.

ஆக, அந்தக் காருக்கு எல்லை போட்டது பேட்டரி மட்டுமில்லை, அவர் போட்ட சண்டைகளும்தான். வழியில் ஒரு மைத்துனர் வீடு, ஒரு சர்வீஸ் சென்டர், சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், வரிசையாகச் சார்ஜிங் ஸ்டேஷன்கள். ஒரு இடத்திலும் அவர் கேபிளை மாட்ட முடியாது. வீட்டில் சார்ஜ் ஏற்ற வேண்டும், மீட்டர் ஐம்பது காட்டும் இடம் வரைக்கும் போக வேண்டும், அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அதுதான் அவருடைய உலகம்.

அவர் சண்டை போடாத ஒரே ஆள் ஏழுமலையான்தான். மலையிலிருந்து கீழே இறங்கும்போது, மிதியிலிருந்து காலை எடுத்தாலே இந்த மாதிரிக் காரில் பேட்டரி கொஞ்சம் ஏறும். அது தெரியாமல் முதல் தடவை இறங்கியவர் அடிவாரத்து அலிபிரியில் வண்டியை நிறுத்தி எனக்கு போன் போட்டார். “மேல கீறத விட கீழ அதிகமா காட்டுதுபா! லட்டு வேற, கரண்ட் வேற குடுத்தனுப்பிச்சிருக்கார் சாமி!” போனிலேயே ஒரு கோவிந்தா போட்டார்.

இதற்கு நடுவில் அவர் வாராவாரம் ஸ்ரீகாளஹஸ்திக்குப் போக ஆரம்பித்தார். ராகு கேது பரிகாரம் என்று சொன்னார். ஒருவருக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்கிற பரிகாரத்தை இவர் வாராவாரம் செய்வதைப் பார்த்து, தெருவில் அவர் ஜாதகத்தைப் பற்றிப் பயங்கரமான வதந்திகள் கிளம்பின. ஒரு கோடை நாளில், “வரியாபா, துணைக்கு” என்று என்னைக் கூப்பிட்டார். போனேன்.

என் தோள் பையை வீட்டிலேயே வைக்கச் சொன்னார். எடை கூடுமாம். ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியை இழுக்கும் என்று அதுவும் கிடையாது.

“ஏசி போட்டா அஞ்சாறு பர்சன்ட் பூடும்பா.”

“என் உயிரே போகுதே நைனா.”

“உயிருக்கு மீட்டர் இல்ல. எவ்ளோ கீதுன்னு தெரியாத ஒண்ணப் பத்திக் கவலப்படாத.”

திருப்பதி தாண்டியதும் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பெரிய வண்டிக்குப் பின்னால் போனால் எதிர்காற்று அடிக்காது, கரண்ட் மிச்சமாகும் என்பது அவருடைய சொந்த ஆராய்ச்சி. ரேணிகுண்டாவில் மைத்துனர் தெரு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்ரீகாளஹஸ்தி வந்தது. கோபுரம் தெரிந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தயாரானேன். வண்டி நிற்கவில்லை. லாரியும் போனது, நாங்களும் போனோம். மீட்டர் ஐம்பதைத் தாண்டி நாற்பத்தொன்பது, நாற்பத்தேழு என்று இறங்கியது.

“நைனா, கோயில் பின்னாடி போயிடுச்சு.”

 வெகு தூரம் போனபிறகுதான் ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“லாரிக்காரன் இழுத்துக்கினு வந்துட்டான்பா” என்றார்.

“இனிமே சித்தூருக்குத் திரும்ப சார்ஜ் பத்தாதே. இந்தப் பக்கம் யார் இருக்காங்க?”

“நாயுடுபேட்டைல கலா கீது.”

கலா அவருடைய ஒரே மகள். கூட வேலை பார்த்த தெலுங்குப் பையனை நாராயணவனம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, நேராக அப்பா முன்னால் வந்து நின்றவள். அன்று அவர் வாயில் என்ன வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு நாலு வருஷம். அம்மா மட்டும் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வருவார். நைனா அவள் பேரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

“பையன் நல்ல பையன்தான்பா. என்னக் கேட்டிருந்தா நானே செஞ்சி வெச்சிருப்பேன். கேக்கவே இல்லியே அது” என்றார்.

வாராவாரம் பரிகாரம் என்று கிளம்பியவர் எதற்காகக் கிளம்பினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகள் வீட்டுக்குப் போய், தெருவில் நின்று பார்த்துவிட்டு, அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் கரண்டும் வாங்காமல் திரும்பிவிட வேண்டும். கம்பெனிக்காரர்கள் சொன்ன தூரத்தை நம்பி அதற்காகவே இந்தக் காரை வாங்கியிருந்தார். ஓட்டிப் பார்த்தால் ஸ்ரீகாளஹஸ்தியிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு வாரமும் ஐம்பதில் நின்று, எதிரே போகிற ரோட்டைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறார். எனக்கு அவரைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

நாயுடுபேட்டையில் மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் கலாவின் வீடு. எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, “நீ போயி சொல்லு. லாரிக்காரன் இழுத்துக்கினு வந்துட்டான்னு சொல்லு” என்றார். நான் கதவைத் தட்டும் முன்பே கலா வெளியே வந்துவிட்டாள். கையெல்லாம் மாவு. காரைப் பார்த்தாள். உள்ளே இருந்தவரைப் பார்த்தாள். நான் ஏதோ பெரிய காட்சி நடக்கப்போகிறது என்று ஒதுங்கி நின்றேன். அவள் மெதுவாக வந்து ஜன்னல் அருகே குனிந்தாள்.

“எத்தினி பர்சன்ட் கீது நைனா?”

“முப்பது.”

“பத்தாதே.”

“பத்தாது.”

நாலு வருஷத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிய முதல் பேச்சு இதுதான்.

“எங்க வூட்ல போட்டுக்கோ” என்றாள். நைனா நிமிர்ந்தார். ஸ்ரீசைலம் அணை வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவளே சொன்னாள்: “இது தண்ணி கரண்ட் இல்ல நைனா. மாடில சோலார் போட்டுருக்கோம். வெயிலு.”

அம்மா வழியாக அவருடைய தத்துவம் பஸ் ஏறி நாயுடுபேட்டை வரை வந்திருக்கிறது. நைனா ஒரு கணம் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி டிக்கியைத் திறந்தார்.

“வெயிலப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே” என்றார்.

கறுப்புக் கேபிள் தெருவைக் கடந்து, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, உள்ளே போனது. மாட்டினால் சிவப்பு விளக்கு. எர்த் சரியில்லை என்றால் அந்தச் சார்ஜர் ஏற்காது. மருமகன் வீட்டின் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“மாமய்யா, எர்த் குண்ட எண்டிபோயிந்தி. நீள்ளு போயாலி.”

எர்த் கம்பி புதைத்த குழி கோடையில் காய்ந்து கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி ஈரமாக்கினால்தான் வேலை செய்யும். நைனா மறுப்பதற்குள் மருமகன் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டான். பச்சை விளக்கு எரிந்தது.

“உன் காரு எங்க வூட்டுத் தண்ணி குடிச்சிட்டுது நைனா” என்று கலா சிரித்தாள். நைனா காது கேளாதவர்போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

வீட்டுப் பிளக்கில் ஏறும் சார்ஜ் ஆமை வேகம். சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனக்கு உள்ளே வாழையிலை போட்டார்கள். நைனா காரிலேயே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சோற்றைச் சாப்பிட்டு, தன் பாட்டில் தண்ணீரைக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது கலா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் காரைப் பற்றியே பேசினார்கள். சீட் நல்லா கீது, ஆனா சாய முடியல. ஹாரன் சத்தம் பத்தல. வேறு எதையும் பேச இருவருக்கும் பயம் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் சொன்னேன்: “நல்லவேளை, சோலார் இருந்தது.”

நைனா ஸ்ரீகாளஹஸ்தி கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சோலாரா? மாடில துணி காயப்போட்ட கொடிதான்பா கீது. நான் சர்வேயர். மேல இன்னா கீதுன்னு கீழ நின்னா தெரியாதா?”

“தெரிஞ்சேதான் போட்டீங்களா?”

“கொயந்த பொய் சொல்லிக் கூப்புடுது. இன்னா பண்றது?”

அதன்பிறகு வாராவாரம் நாயுடுபேட்டைதான். சில வாரம் நானும் போவேன். சித்தூரில் எங்கள் தெருவில் அவருடைய ராகுவும் கேதுவும் இன்னும் உக்கிரமாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நைனா காரை நிறுத்துவார், கேபிள் உள்ளே போகும், மருமகன் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவான், கலா வந்து பக்கத்து சீட்டில் உட்காருவாள். ஆனால் அவர் வாசல்படி ஏறவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. காரிலிருந்து படிக்குப் பத்தடி கூட இருக்காது.

ஒரு நாள் பொறுக்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன்.

“அது கேக்கட்டும்பா. கல்யாணத்துக்கும் என்னைக் கேக்கல. தண்ணி குடிக்கிறியா நைனான்னு ஒரு வார்த்த இன்னிக்கு வரைக்கும் கேக்கல. கேட்டா குடிக்க மாட்டேனா?”

அடுத்த தடவை கலாவிடம் இதைச் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“எப்டிண்ணா கேக்கறது? கேட்டு, மாட்டேன்னு சொல்லிட்டா? அப்பறம் இந்தக் காரும் வராம பூடும். இப்பயாவது வந்துக்கினு கீது.”

அதையும் நைனாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “செரி, அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார். கலாவும் அதையேதான் சொன்னாள். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று மழைக்காலம் வந்து போய்விட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, தாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல், ஒரு காருக்குள் உட்கார்ந்து கழித்த அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அவ்வளவு நேரமும் வீணாகப் போனதே என்று இருக்கிறது.

பிறகு ஒரு நாள் நைனாவின் மனைவி மேலே வந்து சொன்னார். மருமகனை அவன் கம்பெனி விசாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டது. வீட்டைக் காலி செய்கிறார்கள்.

நைனா மாடிக்கு வந்து உட்கார்ந்து, செல்போனில் வரைபடத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “வைசாக்குக்கு எத்தினி சார்ஜ் போடணும்பா?” என்று கேட்டார். நானும் பார்த்தேன். எத்தனை லாரிக்குப் பின்னால் போனாலும் அந்தக் கார் போய்த் திரும்புகிற தூரம் இல்லை அது.

அவர்கள் கிளம்புகிற நாளில் மூன்று பேரும் போனோம். நைனா, கலாவின் அம்மா, நான். அன்று நைனா ஏசி போட்டார். எனக்கு அதுவே பயமாக இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாமான் ஏற்றிய லாரி கிளம்பிவிட்டிருந்தது. மருமகன் சாவியை ஒப்படைக்க வீட்டுக்காரரைத் தேடிப் போயிருந்தான். நைனா வழக்கமான இடத்தில் நிறுத்தினார். பழக்கத்தில் இறங்கி டிக்கியைத் திறந்து கேபிளில் கை வைத்தார். பிறகு எடுக்காமல் மூடிவிட்டு மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

கலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடம் போகப் பார்த்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, தானே தெருவைக் கடந்து வந்தாள். இந்த முறை பக்கத்து சீட்டுக்குப் போகவில்லை. அப்பாவின் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“நைனா, தண்ணி குடிக்கிறியா?”

கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நைனா அவளைப் பார்க்கவில்லை. நேராகக் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். அவர் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் அம்மாவைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு காலைக் கீழே வைத்தார். அப்புறம் இன்னொரு காலை.

“குடுமா” என்றார்.

உள்ளே கூடத்தில் ஒன்றும் இல்லை. சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியும், மூலையில் அடியில் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு கேனும்தான். கலா சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தாள். டம்ளர், சொம்பு எல்லாம் லாரியில் போய்விட்டன. ஒரு மூடி கூட இல்லை. அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. நாலு வருஷத்துக்கு மேல் கழித்துக் கேட்டாள். அவரும் வந்துவிட்டார். கொடுக்கப் பாத்திரம் இல்லை.

காரிலிருந்த அவர் பாட்டிலை எடுத்துவர நான் திரும்பினேன். நைனா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், படியோரம் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். கலா கேனைத் தூக்கி வந்து இடுப்பில் வைத்துச் சாய்த்தாள். தண்ணீர் முதலில் அவர் சட்டையில் கொட்டியது. பிறகு கைகளில் நின்றது. அவர் குடித்தார். அவள் ஊற்ற ஊற்றக் குடித்தார். மூச்சு வாங்கியது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

“மெதுவா குடி நைனா” என்றாள் அவள், அழுதுகொண்டே.

கேன் காலியாகிவிட்டது. அவள் அதைக் கீழே வைத்தாள். நைனா நீட்டிய கைகளை எடுக்கவில்லை.